நான் மோந்து கொடுத்த கேன்கள்

2 ஏப்ரல் 1993, வெள்ளி

மூன்று நாளாகத் தண்ணீர் லாரி வரவில்லை. அடிபம்பு காற்றைத்தான் கக்குகிறது. வீட்டில் இருக்கிற இரண்டு பித்தளைக் குடமும் ஒரு தவலையும் எந்த மூலைக்கு? காலையில் தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனில் ரயிலேறி பல்லாவரம் சந்தைக்குப் போனேன்.

கேன்காரன் மலை மாதிரி குவித்து வைத்திருந்தான். எல்லாம் ஏதோ கம்பெனியில் எதையோ ஊற்றி வைத்திருந்து, காலியானதும் வெளியே வந்தவை. ஒட்டியிருந்த காகிதங்களைச் சுரண்டி எடுத்துவிட்டான். கோந்துதான் பாக்கி. முப்பத்தைந்து லிட்டர் நீலக் கேன் ஒன்றை எடுத்து மூடியைக் கழற்றினேன். உள்ளங்கையால் வாயைப் பொத்தி நாலு குலுக்கு குலுக்கினேன். கையை எடுத்து மூக்கருகே பிடித்தேன்.

பக்கத்தில் நின்ற ஒரு பெண்பிள்ளை, "பெருசு, எனக்கும் ஒண்ணு மோந்து குடேன்" என்றாள்.

என் பழைய வேலை தெரிந்தவன், கேன்காரன் சிரித்தான். "தோல் கம்பெனி மூக்கும்மா அது. கோர்ட்ல சாட்சி சொல்லும்."

அவளுக்கும் ஒன்று எடுத்துக் கொடுத்தேன். யாரோ, எந்த ஊரோ.

4 ஏப்ரல், ஞாயிறு

லாரி வந்தது. புளியும் சாம்பலும் போட்டு என் வீட்டுக்காரி அங்காளம் கேனை இரண்டு தடவை தேய்த்து வைத்திருந்தாள். கேன் நிறைந்தது. நாலு நாளைக்குக் கவலை இல்லை.

மருமகள் தனம் ஒரு வாய் வைத்தாள், முகத்தைச் சுளித்தாள். "மாமா, தண்ணி ஒரு மாரி வாடை அடிக்குது."

மகன் முனிரத்தினம் லாரி ஓட்டுகிறவன். நாசிக் பக்கம் போனால் வீடு வர இருபது நாள் ஆகும். வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். மூன்று பேரில் ஒருத்தி இப்படிச் சொன்னால்?

"முப்பத்தெட்டு வருஷம் மருந்துக் குழிகிட்ட நின்னவன் நானு. எனக்குத் தெரியாத வாடை உனுக்குத் தெரிஞ்சிடுச்சா?" என்று கத்திவிட்டேன்.

அவள் பித்தளைக் குடம் ஒன்றைக் கழுவி, தனியாகத் தண்ணீர் பிடித்து மூடி வைத்துக்கொண்டாள். அங்காளம் அதைப் பார்த்தாள். கேனிலிருந்து ஒரு சொம்பு சாய்த்து அண்ணாந்து குடித்தாள். "நல்லாத்தான் கீது. நீ போய் அடுப்பப் பாரு" என்றாள்.

என் மானம் பிழைத்தது.

அறிவொளி வகுப்பில் ரத்தினபாய் டீச்சர் சொன்னார்கள், "தினம் நாலு வரி எழுதுங்க. உங்களுக்கே எழுதுங்க, நான் வாங்கிப் பார்க்க மாட்டேன்." அறுபத்தாறு வயசில் எழுத்துக் கற்றுக்கொண்டு பொய் எழுதுவானேன். எனக்கு வாசனை தெரியாது. நல்லதும் தெரியாது, நாற்றமும் தெரியாது. அறுபத்து நாலாம் வருஷம், தனுஷ்கோடியில் புயல் அடித்ததே, அந்த மாசம் தொடங்கி. அன்றைக்கு ஒரு முழம் மல்லி வாங்கி வந்தேன். மணமே இல்லை. நேற்றுப் பூவை என் தலையில் கட்டிவிட்டாள் என்று திரும்பிப் போய்ப் பூக்காரியோடு சண்டை போட்டேன். வந்து பூவை வாசலில் வீசினேன். மறுநாள் கம்பெனியில் சுண்ணாம்புக் குழிமேல் குனிந்தபோதுதான் தெரிந்தது, பூவில் குற்றம் இல்லை.

குழியை மோந்து தோல் பதமா இல்லையா என்று சொல்வது என் வேலை. மூக்கு போயிற்று என்றால் தோல் தூக்குகிற ஆளாக மாற்றிவிடுவார்கள். சொல்லவில்லை. மயிர் எப்படிக் கழல்கிறது என்று விரலால் பார்ப்பேன். நுரையின் நிறத்தைக் கண்ணால் பார்ப்பேன். அப்புறம் எல்லோரும் பார்க்கக் குனிந்து மூச்சிழுப்பேன். இருபத்து மூன்று வருஷம் ஒருத்தன் கண்டுபிடிக்கவில்லை.

கேனிலும் விரல் விட்டுப் பார்த்தேன். வழவழப்பு இல்லை. அது போதும்.

இந்த நோட்டை அரிசி டின்னுக்குப் பின்னால் வைக்க வேண்டும். தனம் எட்டாவது வரை படித்தவள்.

6 ஏப்ரல், செவ்வாய்

தனம் இன்றும் தனிக் குடம்தான்.

16 ஏப்ரல், வெள்ளி

அங்காளம் சும்மா இருக்க மாட்டாள். லாரி வரிசையில் என் மூக்கைப் பற்றிப் பெருமை அடித்திருக்கிறாள். இன்று தெருவில் ஏழெட்டுப் பேர் என்னோடு சந்தைக்கு வந்துவிட்டார்கள். கோடி வீட்டு வேதசிரோமணி சார் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு வந்தார். இட்லி விற்கிற கிளியம்மாள் வந்தாள். அடுத்த வீட்டு சாவித்ரி இடுப்பில் ஐந்து மாசக் குழந்தையோடு வந்தாள். வர முடியாதவர்கள் சொல்லி அனுப்பினார்கள்.

வேதசிரோமணி சார் விவரமானவர். கேன்காரனிடம் கேட்டார், "இதுல முன்னாடி என்னய்யா இருந்தது?"

"எனக்கு எப்டி சார் தெரியும்? நான் காலிய வாங்குறேன், காலிய விக்கிறேன்."

"அப்ப குடிக்கிற தண்ணிக்கு எதை நம்பி வாங்குறது?"

"இவ்ளோ பெரிய மூக்க கூட இட்டாந்துட்டு என்கிட்ட கேக்குறியே சார்!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சாவித்ரி மட்டும் சிரிக்கவில்லை. "தாத்தா, கொழந்தைக்குப் பால் பவுடர் கலக்குற தண்ணி. நல்லதா பாத்துக் குடு" என்றாள். அவளுக்குத்தான் ரொம்ப நேரம் பார்த்தேன். ஒன்றைக் குலுக்கி மோந்து ஒதுக்கினேன். இன்னொன்றை ஒதுக்கினேன். மூன்றாவதையும். நாலாவதைக் கொடுத்தேன்.

ஒதுக்கினதற்குக் காரணம் கிடையாது. ஒதுக்கினால்தான் நம்புவார்கள்.

தெருவுக்கு மொத்தம் பத்து. எங்கள் வீட்டோடு பதினொன்று.

25 ஏப்ரல், ஞாயிறு

லாரி வந்தது. வரிசையில் என் கேன்கள்தான் நிற்கின்றன. நீலம், நீலம், நீலம். கிளியம்மாள் வீட்டைக் காலி செய்துகொண்டு குன்றத்தூர் போய்விட்டாள். மலைக்கோயில் பக்கம் என்றார்கள். கேனையும் வண்டியில் ஏற்றினாள். "தாத்தா குடுத்த கேனு, வுட்டுட்டுப் போவேனா?" என்றாள்.

2 மே, ஞாயிறு

அங்காளத்துக்கு மூன்று நாளாக வயிறு எரிகிறது. வாந்தி. வாயில் புண். சூடு என்றாள். மோர் கொடுத்தேன். மோரும் அந்தத் தண்ணீரில்தான்.

எனக்கும் லேசாக வயிறு கடுத்தது. ஆனால் நான் பாதி நாள் டீக்கடையில் இருக்கிறவன். அவள் வீட்டைவிட்டு எங்கே போகிறாள்?

3 மே, திங்கள்

தனத்துக்கு ஒன்றும் இல்லை. தனிக் குடம்.

நான் இதை எழுதியிருக்க வேண்டாம்.

12 மே, புதன்

அங்காளத்துக்குக் கால் வீங்கிவிட்டது. சிறுநீர் சரியாகப் பிரியவில்லை. தனம்தான் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். படுக்க வைத்துவிட்டார்கள். கிட்னி என்கிறார்கள்.

14 மே, வெள்ளி

டாக்டர் அம்மா, வீட்டில் என்ன சாப்பிடுகிறீர்கள், என்ன குடிக்கிறீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். தனம் சொன்னாள், "சந்தைல வாங்குன கம்பெனி கேன் டாக்டர். ஒரு மாசமா அதுலதான் தண்ணி."

"கம்பெனி கேன்னா? அதுல என்ன இருந்தது?"

தனம் என்னைப் பார்த்தாள்.

"தெரியாதும்மா" என்றேன்.

டாக்டர் அம்மா கொஞ்ச நேரம் எழுதினார்கள். "இவங்களுக்குச் சர்க்கரையும் இருக்கு. அந்தக் கேன்னாலதான்னு என்னால சொல்ல முடியாது. அதனால இல்லன்னும் சொல்ல முடியாது. இனிமே அதைத் தொடாதீங்க. என்ன இருந்ததுன்னு விக்கிறவனுக்கே தெரியாத கேனுல யாராவது குடிதண்ணி புடிப்பாங்களா?"

யாராவது. எங்கள் தெரு முழுக்க.

16 மே, ஞாயிறு

கேனிலிருந்த தண்ணீரைக் கீழே கொட்டினேன். மண்ணெண்ணெயில் துணியை நனைத்து, கோந்து ஒட்டியிருந்த இடத்தைத் துடைத்தேன். காகிதம் போனாலும் மை கேனில் ஊறியிருக்கிறது. முதலில் ஒரு எலும்பு தெரிந்தது. குறுக்கே இன்னொரு எலும்பு. மேலே பாதி மண்டை.

இதைப் படிக்க எழுத்து வேண்டியதில்லை. எங்கள் கம்பெனியில் மருந்து வந்த பீப்பாயிலெல்லாம் இந்தப் படம் போட்டிருக்கும். ஒரு துணியும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் இருந்திருந்தால் சந்தையிலேயே தெரிந்திருக்கும். மோந்துகினு நின்னேன். மூக்கில்லாதவன் மோந்துகினு நின்னேன்.

19 மே, புதன்

ஆஸ்பத்திரி. தனம் டீ வாங்கப் போனபோது அங்காளத்திடம் கேட்டேன்.

"அந்தத் தண்ணில வாடை இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"உனக்குத் தெரிஞ்சுதா?"

"எனக்கு மூக்கு கீதே" என்றாள்.

அவளே சொன்னாள். "நீங்க அன்னைக்கி வாசல்ல வீசுன மல்லிய நான்தான் எடுத்து வெச்சிக்கினேன். தெருவே மணந்துச்சு. அன்னைக்கே தெரியும் எனக்கு. கொழம்பு அடி புடிச்சா கூட நல்லா கீதுன்னு சாப்பிடுவீங்க."

இருபத்தொன்பது வருஷம். ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் கம்பெனியை ஏமாற்றினேன் என்று இருந்தேன். இவள் என்னை ஏமாற விட்டிருக்கிறாள்.

"தெரிஞ்சும் ஏன் குடிச்ச?"

"மருமவ எதுர்ல உங்கள வுட்டுக் குடுக்கச் சொல்றீங்களா?" மூச்சு வாங்கினாள். "கழுவக் கழுவப் போயிடும்னு நெனச்சேன். எல்லா வூட்லயும் அப்டித்தான பண்றாங்க."

தனம் வருகிறாளா என்று வாசல் பக்கம் பார்த்துவிட்டு, மெதுவாகக் கேட்டாள். "சாவித்ரி கொழந்தைக்கு அந்தத் தண்ணிதான ஊத்துறா?"

20 மே, வியாழன்

சாவித்ரி வீட்டு வாசல்வரை போனேன். குழந்தை அழுதுகொண்டிருந்தது. திரும்பிவிட்டேன்.

என்ன சொல்வது? கேன் நல்லதில்லை என்று மட்டும் சொல்லலாம். வேறு ஏதாவது காரணம் சொல்லலாம். டாக்டர் சொன்னார் என்று சொல்லலாம். ஆனால், "நீதான மோந்து பாத்த?" என்று கேட்பார்களே.

21 மே, வெள்ளி

இன்றும் போகவில்லை.

சந்தை நாள். எத்தனை பேர் குலுக்கி மோந்துகொண்டிருப்பார்களோ.

22 மே, சனி

போனேன். ஆக்சா பிளேடை எடுத்துக்கொண்டு போனேன். கேனைக் குப்பையில் போட்டால் பொறுக்குகிறவன் எடுப்பான். அவன் கையிலிருந்து மறுபடி சந்தைக்கே போகும். நாலு கழுவு கழுவி இன்னொருத்தி வாங்குவாள். இரண்டாக அறுத்தால்தான் அதில் ஒருத்தரும் குடிக்க முடியாது. எங்கள் வீட்டுக் கேனைக் காலையிலேயே அறுத்துவிட்டேன்.

சாவித்ரி குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நின்றபடியே சொன்னேன். "எனக்கு வாசன தெரியாதும்மா. முப்பது வருஷமா தெரியாது. சும்மா மோந்து மோந்து குடுத்தேன். அந்தத் தண்ணி வாணாம்."

அவளுக்கு முதலில் புரியவில்லை. "இன்னா தாத்தா சொல்ற?" என்றாள். மறுபடி சொன்னேன். இரண்டாவது தடவை சொல்வது முதல் தடவையைவிடக் கஷ்டம்.

"ஒரு வாரமா வயித்தால போவுது கொழந்தைக்கு" என்றாள். "பல்லு மொளைக்குதுன்னு நெனச்சிக்கினு கீறேன்."

எழுந்தாள். குழந்தையைப் பாயில் விட்டாள். கேனை இழுத்துக்கொண்டு வந்து வாசலில் சாய்த்தாள். முப்பத்தைந்து லிட்டரும் தெருவில் ஓடியது. தண்ணீருக்கு நாய் படாத பாடு படுகிற தெருவில் ஓடியது. எதிர் வீட்டார் எட்டிப் பார்த்தார்கள்.

"அறு" என்றாள்.

உட்கார்ந்து அறுத்தேன். பிளாஸ்டிக் சுலபத்தில் அறுபடாது, சூடாகிப் பிளேடைக் கவ்வும். அவள் அங்கேயே நின்றாள். அறுத்து முடித்து எழுந்தபோது கேட்டாள், "எனக்கு மூணு கேன ஒதுக்கி வெச்சியே தாத்தா. அது இன்னாத்துக்கு?"

இரண்டு துண்டையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

23 மே, ஞாயிறு

எந்த வீட்டுக்கு எந்தக் கேன், மூடி என்ன நிறம், எந்தக் கேனில் எங்கே கீறல். எதையும் நான் மறக்கவில்லை. மறந்துபோன மாதிரி இருந்துவிடலாமென்றால் எனக்கு அது வராது.

எட்டு வீடு ஏறினேன். எட்டு வீட்டிலும் ஒரே வாக்கியம். "எனக்கு வாசனை தெரியாது." ஐந்து பேர் அறுக்க விட்டார்கள். அதில் ஒரு அம்மாள் நான் அறுத்து முடியும்வரை திட்டிக்கொண்டே இருந்தாள். இரண்டு பேர் குளிக்க, பாத்திரம் கழுவ வைத்துக்கொள்கிறோம் என்றார்கள். குடிக்க மாட்டோம் என்று சத்தியம் வாங்கினேன்.

அதற்குப் பதில் எது வாங்குவது என்று கேட்டவர்களிடம், ரத்தினபாய் டீச்சரிடம் கேட்டு வைத்திருந்ததைச் சொன்னேன். பித்தளை இருந்தால் பித்தளை. கேன்தான் வேண்டுமென்றால் மளிகைக் கடையில் சமையல் எண்ணெய் வந்த வெள்ளைக் கேன், நம் கண் முன்னால் காலியானதாகப் பார்த்து. சந்தையில் கலர் பிளாஸ்டிக் குடம் வாங்கினாலும் ஒரு நாள் தண்ணீர் ஊற்றி வைத்து மோந்து பாருங்கள் - நீங்கள் மோந்து பாருங்கள். ஒரு பையன் சிரித்துவிட்டான். அவன் அம்மா அடித்தாள்.

வேதசிரோமணி சார் கேனைத் தரவில்லை. "பொன்னுசாமி, ஒரு மாசமா நாலு பேர் குடிக்கிறோம். எங்களுக்கு ஒண்ணும் ஆகலையே. உன் சம்சாரத்துக்குச் சர்க்கரைன்னு டாக்டரே சொன்னாராமே? நீ மனசைப் போட்டு உழப்பிக்காத."

"சார், மண்ணெண்ணெய் போட்டுத் துடைச்சாவது பாருங்க" என்றேன்.

"பார்க்கலாம், பார்க்கலாம்" என்றார்.

தெரிந்துவிட்டால் தண்ணீரை எதில் பிடிப்பது என்ற பயம். எனக்குப் புரியாதா அது?

29 மே, சனி

பதினொன்றில் ஒன்று குன்றத்தூரில் இருக்கிறது. பல்லாவரம் போய் பஸ் மாறிப் போனேன். மலைக்கோயில் அடிவாரத்தில் இருக்கிற தெருவெல்லாம் கேட்டேன். கிளியம்மாள், இட்லி விற்பவள், ஒரு பக்கம் கால் தாங்கி நடப்பாள். யாருக்கும் தெரியவில்லை. எத்தனையோ வாசலில் நீலக் கேன் இருந்தது. எல்லாம் அவளுடையது மாதிரியே இருந்தது. அவளுடைய கேனுக்குச் சிவப்பு மூடி, கைப்பிடிப் பக்கம் நாமம் மாதிரி ஒரு கீறல்.

மலை ஏறாமலே திரும்பினேன்.

6 ஜூன், ஞாயிறு

முனிரத்தினம் வந்திருக்கிறான். அவனுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. அறுத்து வைத்த கேன் துண்டுகளைக் காலால் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

17 ஜூன், வியாழன்

விடிந்து ஆறு மணிக்கு அங்காளம் போய்விட்டாள்.

18 ஜூன், வெள்ளி

ரோஜா மாலையும் மல்லியும் போட்டிருந்தார்கள். ஊதுபத்தி, சாம்பிராணி எல்லாம் இருந்தது. எனக்கு எதுவும் இல்லை.

2 ஜூலை, வெள்ளி

பதினாறாம் நாள் முடிந்தது. சாவித்ரி வந்திருந்தாள். குழந்தைக்குச் சரியாகிவிட்டதாம். தனத்திடம்தான் சொன்னாள், என்னிடம் இல்லை. வேதசிரோமணி சார் வீட்டு வாசலில் அந்தக் கேன் இன்னும் லாரிக்கு நிற்கிறது. அவரும் சாவுக்கு வந்தார், என் தோளைத் தட்டினார்.

சனிதோறும் போய்த் தேடுகிறவன், இரண்டு சனிக்கிழமை குன்றத்தூர் போகவில்லை. நாளை போக வேண்டும்.

3 ஜூலை, சனி

போனேன். அகப்படவில்லை.

9 ஜூலை, வெள்ளி

மத்தியானம் தனம் சாப்பாடு போட்டாள். தட்டில் குழம்பு ஊற்றப் போனவள் கரண்டியை நிறுத்தினாள்.

"மாமா, கொழம்பு அடி புடிச்சிக்கிச்சு. கருகின வாடை வருது. ஊத்தட்டுமா, மோர் போட்டுக்குறியா?"

இந்த வீட்டில் என்னிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை.

"ஊத்தும்மா" என்றேன்.

ஊற்றினாள். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். அப்புறம் சொன்னாள், "நாளைக்கு நானும் குன்றத்தூர் வரேன். அந்த சிவப்பு மூடி, நாமம் மாரி கீறல், அதெல்லாம் உனுக்கு நாபகம் கீது. நீ வூட்டக் கண்டுபுடி. நான் மோந்து பாக்குறேன்."

ஆக்சா பிளேடுக்கு எண்ணெய் போட்டு, பையில் எடுத்து வைத்தேன்.